கயிற்று வீட்டு வெண்கலம்

சாப்பிடக் கூப்பிடுவதற்கென்றே ஒரு வீட்டில் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள் என்று சொன்னால், கதை அளக்கிறான் என்பார்கள். கயிற்று வீட்டில் வைத்திருந்தார்கள். அந்த ஆளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது காகிதங்களில் மட்டும் இருந்தது. வீட்டுக்கும் ஊருக்கும் அவர் வெண்கலம். அவருடைய தொண்டைக்கு யாரோ வைத்த பெயர் அது. நாளடைவில் ஆளுக்கே ஆகிவிட்டது.

கயிற்று வீடு துறைமுகத்துக்குப் போகிற சாலையில் மூன்று மாடியும் இருபத்தேழு அறைகளுமாக நின்றது. கப்பல்களுக்குக் கயிறும் பாய்த்துணியும் விற்று முன்னுக்கு வந்த குடும்பம். வீட்டுக்குப் பின்னாலேயே கிடங்கு, கயிறு முறுக்கும் நீண்ட முற்றம். சணலும் தாரும் கலந்த வாசனை மேல்மாடித் தலையணை வரைக்கும் ஏறியிருக்கும். முதலாளி, அவருடைய தம்பிமார், அவர்கள் பெண்டு பிள்ளைகள், கிடங்குக் குமாஸ்தாக்கள், சரக்குப் பார்க்க வந்து அப்படியே தங்கிவிடும் மாலுமிகள் என்று நாளுக்கு முப்பது பேருக்குக் குறையாமல் கீழ்க் கூடத்தில் சாப்பிட்டார்கள். அந்த முப்பது பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைப்பதுதான் முதலாளியம்மாவுக்குத் தீராத தலைவலி. ஒரு பழைய கப்பல் மணியை வாங்கிக் கூடத்து வாசலில் கட்டினார். பகல் சாப்பாட்டுக்கு அதை அடித்ததும், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிடங்கில் இருந்த நாற்பது பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மறுநாளே மணி இறங்கியது.

அப்போது வெண்கலத்துக்கு இருபத்திரண்டு வயது. படகுத்துறையில் நின்று, எந்தப் படகு எங்கே போகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கூவுகிற வேலை. ஒருநாள் முதலாளி ஒரு கப்பலுக்குப் போய்விட்டுப் படகில் திரும்பிக்கொண்டிருந்தார். கரை வெறும் கோடாகத் தெரிகிற தூரத்திலேயே, “ரெண்டு மணிப் படகு, ரெண்டு மணிப் படகு” என்று ஒரு குரல் வந்தது. கத்தல் இல்லை. எதிரே உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருந்தது. கரையேறியதும் ஆளைத் தேடிப் பிடித்தார்.

“எங்க வீட்டுக்கு வந்துரு. மூணு வேளைச் சாப்பாடு, தங்க இடம். எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடணும்.”

“கூப்பிட்டுட்டு?”

“பரிமாறணும். ஆனா கூப்பிடுறதுதான் வேலை.”

முதல் மூன்று நாளும் வெண்கலத்துக்கு அவமானமாகப் போயிற்று. கடலுக்குள் கேட்ட குரல் இந்த வீட்டின் இரண்டாவது மாடிக்குக் கேட்கவில்லை. கூடத்து வாசலில் நின்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். முற்றத்தில் நின்று பார்த்தார். முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்கள் குரலை அப்படியே குடித்துவிட்டன. நாலாம் நாள், ஒவ்வொரு அறையாகப் போய்க் கூப்பிடலாம் என்று மாடி ஏறப்போனவர் மூன்றாவது படியில் நின்று தும்மினார். மேல்மாடியிலிருந்து ஒரு குமாஸ்தா, “யாருப்பா அது, சளியா?” என்று கேட்டார். மாடிப்படிகள் சுற்றிக்கொண்டு ஏறும் நடுவெளியும், பின்முற்றத்து ஜன்னலும், கூடத்து வாசலும் அந்த ஒரு படிக்குத்தான் நேராக வந்தன. அன்றிலிருந்து இருபத்தாறு வருடம் சாப்பிடக் கூப்பிட அவர் நின்ற இடம் அதுதான்.

ஆளுக்கு ஒரு விதமாகக் கூப்பிடுவார். முதலாளிக்குக் குரல் கொடுப்பதே இல்லை. பக்கத்தில் போய், “நேரமாச்சுங்க” என்பார். குமாஸ்தாக்களுக்கு, “ஐயாமாரே, பேனாவ மூடுங்க.” மாலுமிகள் பாஷை தெரியாது, வயிற்றில் இரண்டு தட்டு தட்டிக் காட்டுவார். முதலாளியின் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டுத்தான் தொண்டை காயும்.

மூத்தவனுக்கு அப்போது பத்து வயது. பிறந்ததிலிருந்தே ஏதோ பெரிய யோசனையில் இருக்கிறவன் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பான் என்று அம்மா அவனுக்கு வைத்த பெயர் கிழவன். இளையவனுக்கு ஏழு. சர்க்கரை டப்பாவை எந்தப் பரணில் ஒளித்தாலும் மோப்பம் பிடித்துவிடுவதால் அவன் எறும்பு. கிழவன் எப்போதும் பின்முற்றத்துக் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் கிடப்பான். எறும்புக்கு இரண்டாவது மாடி வராந்தாதான் வாசஸ்தலம்.

“கிழவா... எறும்பு... கை கழுவிட்டு வாங்க.”

ஒருவன் முற்றத்து வழியாக ஓடியும், ஒருவன் படிக் கைப்பிடியில் வழுக்கியும் வந்து கூடத்து வாசலில் முட்டிக்கொள்வார்கள். யார் முதலில் வந்தது என்று அங்கேயே தகராறு ஆரம்பமாகும். முதலாளியம்மா சமையலறைப் பக்கத்து நாற்காலியை விட்டு அசையாமல் சொல்வார்: “சண்டையெல்லாம் செருப்போட வெளிய விட்டுட்டு வாங்க. போகும்போது மறக்காம எடுத்துக்கலாம்.” சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர்களுக்கு அது மறந்துபோயிருக்கும். எங்கே விட்டோம் என்று சில நாள் தேடவும் செய்வார்கள்.

பிற்காலத்தில் வெண்கலத்துக்கு அந்த வீட்டைப் பற்றி நினைப்பு வரும்போதெல்லாம் முதலில் வந்தது சத்தம்தான். முப்பது கரண்டிகள் பீங்கானில் படுகிற சத்தம். தண்ணீர்க் குவளைகள் கை மாறுகிற சத்தம். ஜன்னல் திறந்திருந்தால் முற்றத்திலிருந்து சணல் பஞ்சு பறந்து வந்து சூப்பில் விழும். எல்லோரும் பேசிக்கொண்டே கரண்டி முனையால் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். விருந்தாளிகள் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்தே இவர் புது ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம். எல்லோரும் எழுந்து போன பிறகு முதலாளியம்மா ஒரு தட்டைத் தன் கையாலேயே துடைத்து வைத்து, “நீ உக்காரு வெண்கலம், ஊரைக் கூப்பிட்டவன உள்ள கூப்பிட ஆள் இல்ல பாரு” என்பார்.

அந்த மேசையும் சாமானியப்பட்டது இல்லை. தச்சர்கள் பலகைகளைக் கொண்டுவந்து கூடத்துக்குள்ளேயே வைத்து இழைத்துப் பூட்டியது. அதற்கு மேல் விரிக்கிற துணி ஒரு கப்பல் பாய் அகலம் இருக்கும். அதைத் துவைத்துத் தேய்ப்பதற்கென்று முதல் மாடியில் தனி அறை. அதற்கென்று ஒரு பெண். வந்த புதிதில் அவள் வெண்கலத்தைப் பார்க்கவில்லை. கேட்க மட்டும் செய்தாள். ஒரு வாரம் கழித்துத் துணிமூட்டையோடு கீழே வந்தபோது மூன்றாவது படியில் ஒல்லியாக, உயரமும் இல்லாமல் நின்றவரைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

“நீங்களா அது? குரலக் கேட்டு ஆறடி ஆளுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்.”

“மிச்சம் எல்லாம் தொண்டைக்குப் போயிருச்சு” என்றார் வெண்கலம். மறு வருடம் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். ஒரு மகள் பிறந்தாள்.

வீடு ஒரே நாளில் இடிந்துபோகவில்லை. நாற்காலி நாற்காலியாகக் காலியாயிற்று. நைலான் கயிறு வந்தது. மாலுமிகள் வருவது நின்றது. முதலாளியின் தம்பிமார் ஆளுக்கு ஒரு ஊரைப் பார்த்துப் போனார்கள். முதலாளி போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து, கல்யாணம் ஆகி, தொழிலுக்கு வந்திருந்தார்கள். பெரியவர் சணல்கயிற்றை விடக் கூடாது என்றார். சின்னவர் நைலானுக்கு மாறவேண்டும் என்றார். முதலாளியம்மா இருந்தவரை அந்தப் பேச்சு கூடத்து வாசலுக்கு வெளியேதான் நின்றது. அவரும் கண்ணை மூடிய பிறகு, பெரியவர் உட்கார்ந்தால் சின்னவர் எழுந்து போவார். சின்னவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பெரியவர் வரவே மாட்டார். முப்பது பேருக்குக் கூப்பிட்ட வெண்கலம் கடைசி வருடத்தில் இரண்டு பேரை இரண்டு தடவையாகக் கூப்பிட்டார்.

தொழிலைப் பிரித்தார்கள். வீட்டை யார் எடுப்பது என்பதில் நீயா நானா என்று நின்றது. தனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மற்றவனுக்குப் போகக் கூடாது என்கிற ஒரே விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒற்றுமை இருந்தது. கடைசியில் அரசாங்கத்துக்கு விற்றார்கள். அரசாங்கம் அங்கே கோர்ட் வைத்தது.

சாமான்கள் வண்டி ஏறிய அன்று, மேசை எந்த வாசல் வழியாகவும் போகாது என்று தெரிந்தது. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். வெண்கலம் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனதுக்குள் அது போகாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. போகவில்லை. வீட்டோடு சேர்த்து மேசையையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, குறுக்கே அறுத்து இரண்டாக்கியது. ஒரு பாதி கூடத்திலேயே வக்கீல்களுக்கு. இன்னொரு பாதி வழக்குக் கட்டுகளை அடுக்க. கூடத்தின் தலைமாட்டில், முதலாளியின் நாற்காலி இருந்த இடத்தில், மரமேடை கட்டி நீதிபதியை உட்கார வைத்தார்கள்.

சாவி வைத்துக்கொள்ள, தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்ட, ஒரு ஆள் வேண்டும் என்று வெண்கலத்தையும் அப்படியே விட்டுவைத்தார்கள். பெயர் கூப்பிடுவதற்கு வேறொருவர் வந்திருந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். வாசலில் நின்று நரம்பு புடைக்கக் கத்துவார். மாடி வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஆள் வரவில்லை என்று வழக்கைத் தள்ளிவிடுவார்கள்; அரைமணி கழித்து வழக்குக்காரர், “எப்பங்க கூப்பிடுவீங்க?” என்று வந்து நிற்பார். ஒரு மாதத்தில் இப்படி ஏழு வழக்கு. ஏழாவது, மாடிப்படிக்கு அடியிலேயே காலையிலிருந்து நின்ற ஒரு விதவைப் பெண்ணுடையது. அவள் அழுததைப் பார்த்து வெண்கலத்துக்கு மனசு கேட்கவில்லை. நேராக நீதிபதியிடம் போனார்.

“ஐயா, அவர் மேல தப்பில்ல. வாசல்ல நின்னா இந்தச் சுவரு குடிச்சிரும். மூணாவது படியில நிக்கணும்.”

“நீங்க கூப்பிடுங்க பாப்போம்” என்றார் நீதிபதி.

வெண்கலம் படியேறி நின்று அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். மூன்று மாடிகளிலும் பேச்சு நின்றது. மேலே ஒரு குமாஸ்தா ஏன் என்று தெரியாமலே எழுந்து நின்றார் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த வாரமே வெண்கலத்துக்கு வெள்ளைச் சட்டை தைத்தார்கள், நெஞ்சில் ஒரு பித்தளை வில்லை குத்தினார்கள். வாட்டசாட்டமான ஆள் சந்தோஷமாகத் தபால் பிரிவுக்குப் போனார்.

வழக்குக்கு வருகிறவர்கள் பயந்து போய்த்தான் வருவார்கள். வெண்கலம் பெயரைச் சொல்கிற விதத்தில் அந்தப் பயத்தில் பாதி போய்விடும். “நீங்க கூப்பிடுறதக் கேட்டா, உள்ள நமக்கு ஒரு தட்டு வச்சிருக்காங்களோன்னு தோணுது” என்றார் ஒரு சாட்சி. வெண்கலத்துக்கு அந்தப் பாராட்டு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஒன்பதாவது வருடத்தில் அண்ணன் தம்பி வழக்கு வந்தது. கயிற்று வீட்டுச் சரக்குக்கு நங்கூர முத்திரை உண்டு. அந்தக் காலத்தில் அதைப் பார்த்துத்தான் கப்பல்காரர்கள் வாங்குவார்கள். தொழிலைப் பிரித்தபோது அந்த முத்திரை யாருக்கு என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். சின்னவர் அதை நைலானில் குத்தி விற்றார். பெரியவர் வழக்குப் போட்டார். கொஞ்ச நாள் வக்கீல்கள் மட்டும் வந்து வாய்தா வாங்கிப் போனார்கள். ஒன்பது வருடமாக அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று வெண்கலத்துக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் அவர் எப்போதாவது போவார். ஒரு வீட்டுக்குப் போனதை இன்னொரு வீட்டில் சொல்ல மாட்டார்.

சாட்சி சொல்வதற்காக இரண்டு பேரும் நேரில் வரவேண்டிய நாள் வந்தது. காலையில் பட்டியலைப் பார்த்ததிலிருந்தே வெண்கலத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதினொன்றரைக்குப் பெயர்கள் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தார்கள். படியேறினார். பெரியவர் பின்முற்றத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிலேயே தலை முழுக்க வெளுத்து, அதே நெற்றிச் சுருக்கத்தோடு. நிமிர்ந்து பார்த்தால் இரண்டாவது மாடி வராந்தாக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு சின்னவர். எத்தனை இடம் இருக்கிறது அந்த வீட்டில். இரண்டு பேரும் அவரவர் பழைய இடத்தில்தான் போய் நின்றிருந்தார்கள். வெண்கலம் சீட்டைப் பார்த்தார். எழுத்து தெரியத்தான் செய்தது. வாயைத் திறந்தார்.

“கிழவா... எறும்பு... வாங்க.”

வீடு முழுக்கக் கேட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. யாரும் சிரிப்பதற்கு முன்னால் காலடிச் சத்தம் வந்தது. பெரியவர் முற்றத்திலிருந்து விறுவிறுவென்று வந்தார். சின்னவர் கைப்பிடியில் கையை வழுக்கவிட்டபடி இரண்டிரண்டு படியாக இறங்கினார். கூடத்து வாசலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து, இடித்துக்கொள்ளாமல் சட்டென்று நின்றார்கள். எதற்கு ஓடிவந்தோம் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கு ஒரு பக்கமாக உள்ளே போனார்கள்.

அதற்குள் மாடி மொத்தமும் சிரித்தது. பெரியவரின் வக்கீல் எழுந்தார். தன் கட்சிக்காரரை, நரைத்த மனிதரை, கோர்ட் ஊழியர் ஒருவர் பொது இடத்தில் கிழவா என்று கூப்பிட்டது நீதிமன்றத்துக்கே அவமதிப்பு என்றார். நீதிபதி புதிதாக வந்திருந்த அம்மா, கறாரானவர். மாலைக்குள் வெண்கலத்தின் கைக்கு மெமோ வந்துவிட்டது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் எழுத வேண்டும்.

வீட்டில் மனைவி மெமோவை மகளை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“நல்ல வேளை, கை கழுவிட்டு வாங்கன்னு சொல்லாம விட்டீங்களே.”

“சொல்ல வாயெடுத்தேன்” என்றார் வெண்கலம்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “வேலை போனா போகட்டும். தேய்ப்புப் பெட்டி இன்னும் பரண்லதான் இருக்கு” என்றாள்.

கோர்ட் வாசலில் மனு எழுதித் தருகிறவர் வெண்கலத்துக்காக இரண்டு பக்கம் எழுதினார். அடியேன், அறியாமை, கருணைக் கடல் என்று அதில் எல்லாம் இருந்தது. வெண்கலம் கேட்டுவிட்டு, “இது நான் இல்லியே” என்றார். பிறகு தானே மூன்று வரி சொல்லி எழுதச் சொன்னார்: அவமதிக்கவில்லை. அந்த இரண்டு பேரையும் அந்தப் படியில் நின்று அந்தப் பெயரில்தான் சின்ன வயதிலிருந்து கூப்பிட்டேன். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது, தப்புதான்.

அதை எடுத்துக்கொண்டு ஐந்தாம் நாள் காலையில் நீதிபதியின் அறைக்குப் போனார். முன்பு பீங்கான் பாத்திரங்கள் அடுக்கியிருந்த அறை அது. வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வெண்கலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகார் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தார். ஒரு நிமிடம் கழித்துச் சின்னவர் படியேறி வந்தார். அவரும் இவர்களை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உள்ளேயிருந்து மூன்று பேரையும் கூப்பிட்டார்கள்.

“வழக்கைப் பத்திப் பேசறதா இருந்தா வக்கீல் இல்லாம இங்க வரக் கூடாது” என்றார் நீதிபதி.

“வழக்கு இல்லம்மா” என்றார் பெரியவர். “என் வக்கீல் சொன்னதுல எனக்குச் சம்மதம் இல்ல. அது திட்டு இல்ல, என் பேரு. எங்கம்மா வச்சது. இப்ப அதைச் சொல்லிக் கூப்பிட இவர் ஒருத்தர்தான் மிச்சம்.”

சின்னவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இவர வேலைய விட்டுத் தூக்கினா நான் இந்தக் கோர்ட்டுக்கே வர மாட்டேன்.”

“வரலேன்னா ஒருதலைப்பட்சமா தீர்ப்பு ஆயிரும்” என்றார் பெரியவர், அவரும் சுவரைப் பார்த்தபடி.

“ஆகட்டுமே. எப்பவும் உன்னத்தானே முதல்ல கூப்பிடுவாங்க.”

“மூத்தவன முதல்ல கூப்பிடாம?”

ஒன்பது வருடத்தில் அவர்கள் நேராகப் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெண்கலத்தின் மூன்று வரியைப் படித்தார். இனி சீட்டில் இருக்கிறபடி மட்டுமே கூப்பிட வேண்டும் என்று ஒரு எச்சரிக்கை எழுதிக் கட்டை மூடினார். வெளியே வந்ததும் சின்னவர் படியில் இறங்கிவிட்டார். பெரியவர் கொஞ்சம் நின்றார்.

“சாப்பிட்டியா வெண்கலம்?”

“இனிமேத்தான் தம்பி.”

“போய்ச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டு முற்றத்து வழியாகப் போனார்.

இதனால் சமாதானம் ஆகிவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. வழக்கு இன்னும் ஒரு வருடம் நடந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அறுத்த மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவர்கள் வக்கீல்கள் ஒரு நங்கூரப் படத்துக்காகத் தொண்டை வறளப் பேசினார்கள். தீர்ப்பு பெரியவர் பக்கம் ஆயிற்று. சின்னவர் அப்பீல் செய்தார். அப்பீல் கோர்ட் அதே வீட்டில் இரண்டாவது மாடியில்; அதற்கும் வெண்கலம்தான் கூப்பிடுவார்.

அப்பீல் விசாரணைக்கு வருவதற்குப் பத்து நாளைக்கு முன்னால் பெரியவர் கடையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். வெண்கலமும் மனைவியும் போயிருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் சின்னவர் சட்டை பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டு நின்றார். யாரும் அவரை முன்னால் கூப்பிடவில்லை. வெண்கலம் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து அண்ணன் தலைமாட்டில் நிறுத்தினார்.

ஆள் இறந்துவிட்டார் என்று எழுத்தில் வராத வரைக்கும் கோர்ட்டுக்கு அவர் உயிரோடுதான் இருக்கிறார். பட்டியலில் பெயர் இருந்தது. பட்டியலில் இருந்தால் மூன்று தடவை கூப்பிட்டாக வேண்டும். வெண்கலம் அன்று சீட்டில் இருக்கிறபடியே, முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். குரல் மூன்று மாடிக்கும் போய், முற்றத்துக்கும் போயிற்று. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். மூன்றாவதுக்கு மூச்சு எடுத்தபோது சின்னவர் வராந்தாவிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

“போதும்ணே” என்றார்.

“மூணு கூப்பிடணும் தம்பி.”

“சரி, கூப்பிடுங்க.”

வெண்கலம் கூப்பிட்டார். அது முடியும்வரை சின்னவர் படியிலேயே நின்றார். பிறகு மேலே கோர்ட்டுக்குள் போய், அப்பீலைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வக்கீல் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நங்கூரம் அண்ணன் பிள்ளைகளுக்குப் போயிற்று. அவர்கள் அதை எதிலும் குத்தவில்லை. வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

மறு வருடம் வெண்கலம் ஓய்வு பெற்றார். கூடத்தில் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவருக்குப் பிறகு ஒவ்வொரு மாடியிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். அதைப் பற்றி யாராவது அவரிடம் கேட்டால், “நல்லதாப் போச்சு, இனி யாரு கேஸும் தள்ளுபடி ஆகாது” என்பார். அதில் வருத்தம் எதுவும் இல்லை.

அதன் பிறகு சின்னவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெண்கலம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். பிள்ளைகள் வெளியூரில், மனைவியும் கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களோடு இருந்தாள். பழங்களோ ரொட்டியோ வாங்கிக்கொண்டு பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வருவார். சாப்பிட்ட பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து கயிற்று வீட்டை அறை அறையாகச் சுற்றி வருவார்கள். எந்த அறையில் எந்தச் சித்தப்பா, எந்தப் பரணில் சர்க்கரை, எந்தப் படியில் மரம் முனகும், மழை பெய்தால் எங்கே ஒழுகும். நினைவில் அந்த வீட்டுக்குச் சாவி தேவைப்படவில்லை. பெரியவர் பேச்சும் வரும். கிழவன் முற்றத்தில் கயிறு திரித்து அம்மாவுக்குக் கொடியாகக் கட்டியதைச் சின்னவர் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்து, பாதியில் எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் மாடித் தேய்ப்பு அறை ஜன்னலைப் பற்றி வாக்குவாதம் வந்தது. அது உள்பக்கம் திறக்கும் என்றார் சின்னவர். ஆதாரமாக நெற்றித் தழும்பைக் காட்டினார். அந்த ஜன்னல் கதவில் இடித்துக்கொண்டதாம்.

“உள்பக்கமா தொறந்தா நான் எங்க நின்னு தேய்ப்பேன்?” என்றாள் வெண்கலத்தின் மனைவி. “அங்க எத்தன வருஷம் நின்னிருக்கேன். வெளிப்பக்கம்தான்.”

“அக்கா, இது என் தலை.”

“அது என் ஜன்னல்.”

வெண்கலம் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, போய்ப் பார்த்தே விடலாம் என்று ஆயிற்று. மூன்று பேரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனார்கள். தேய்ப்பு அறை இப்போது பழைய கட்டுகள் வைக்கும் அறை, கதவில் பூட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது குமாஸ்தாவுக்கு இவர்கள் யார் என்று தெரியவில்லை.

“எந்த வழக்கு?” என்று கேட்டார்.

“வழக்கு இல்லப்பா. ஜன்னலப் பாக்கணும்” என்றார் சின்னவர்.

“கட்டு அறைய வெளியாளுக்குத் திறக்க முடியாதுங்க. காரணம் எழுதி ஒரு மனு கொடுங்க. அம்மா உத்தரவு போட்டா பாக்கலாம்.”

சின்னவர் குமாஸ்தாவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை; வெண்கலம் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

“வேண்டாம்பா,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இந்த வீட்டுல நான் போட்ட மனு போதும்.”

எதிரே இருந்த கடையில் டீ குடித்தார்கள். வெண்கலத்தின் மனைவி இரண்டாவது டீக்கும் வெளிப்பக்கம்தான் என்றாள். சின்னவர் உள்பக்கம் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மீன் வாங்கிவரட்டுமா என்று கேட்டுவிட்டு, பஸ் வந்ததும் ஏறிப் போனார்.